இடப்பக்கத் திருப்பம்

என் அக்காவுக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் மல்லிகைத் தோட்டம். பூவை திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கொண்டுவர மாமா ஒரு சின்ன லோடு வண்டி வைத்திருந்தார். அவருக்கு முதுகுவலி வந்ததும், தானே ஓட்டுவது என்று முடிவுசெய்து அக்கா பேகம்பூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். கொஞ்ச நாளில் நின்றுவிட்டாள். வண்டியையும் விற்றுவிட்டார்கள். கேட்டதற்கு, "நமக்கு அது வரலடி" என்றதோடு சரி.

கம்ப்யூட்டரில் மாட்டும் கருவிகளை இயக்க மென்பொருள் எழுதுவது என் வேலை. அதற்கும் டிரைவர் என்றுதான் பெயர். அக்கா மூலம் இது தெரிந்து, ஸ்கூல் மாஸ்டர் ஒருநாள் போன் செய்தார். "யார் உக்காந்தாலும் லெஃப்ட்ல பிச்சுக்கிட்டுப் போகுதும்மா. செத்த வந்து பாக்குறீங்களா?"

ரோட்டுக்கு விடுமுன், கம்ப்யூட்டரில் மாட்டிய ஒரு ஸ்டியரிங்கில்தான் அங்கே பழக்குவார்கள். வளைத்தால், உள்ளிருக்கும் மோட்டார் அதை மெல்ல நடுவுக்கு இழுக்க வேண்டும். வலப்பக்கம் ஒழுங்காக வந்தது. இடப்பக்கம் வளைத்ததும் என் கையை உதறிக்கொண்டு இன்னும் இடப்பக்கமே சுழன்றது. திரையில் வண்டி வாய்க்காலுக்குள் இறங்கியது.

டிரைவரை வரிவரியாகப் படித்தேன். இடப்பக்கம் வளைத்தால், நடுவுக்கு இழுக்கும் விசையை மைனஸ் எண்ணாக அனுப்ப வேண்டும். ஒரு இடத்தில் அந்தக் குறி தொலைந்து, அதுவே பெரிய பிளஸ் எண்ணாகிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வரியைத் திருத்தினேன். ஸ்டியரிங் சாதுவாக நடுவுக்கு வந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

"எப்ப இருந்து இப்படி?" என்றேன்.

"புது கம்ப்யூட்டர் போட்டதுலருந்து. உங்க அக்கா சேந்தப்பதான் போட்டோம். பாவம், அவங்க கைதான் விறைக்குதுன்னு நெனச்சேன். இவங்களுக்குப் பிடிபடலன்னு உங்க மாமாகிட்டயே சொல்லிட்டேன்."

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மெஷின் மேல் அக்காவுக்குச் சந்தேகமே வரவில்லை. வந்திருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள்.

அன்று சாயங்காலமே போன் செய்தேன். "அக்கா, கோளாறு உன் கையில இல்ல. மெஷின்லதான்."

"அப்டியா?" என்றாள். "ரோட்டுல லெஃப்ட்ல ஒரு வளைவு வந்தாலே இப்ப எதையாச்சும் இறுக்கிப் பிடிச்சுக்குறேன்டி. பஸ்ல உக்காந்திருந்தாலும்."

"என் கார்ல வா. காலி மைதானத்துல ஓட்டிப் பாக்கலாம்."

"பாக்கலாம், பாக்கலாம்."

என் திருத்தத்தை அந்த டிரைவரைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். நன்றி சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். மாஸ்டரிடம் இப்போது நிறையப் பெண்கள் வண்டி ஓட்டப் பழகுகிறார்களாம். அக்கா இன்னும் பூ மூட்டையோடு பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டியில்தான் மார்க்கெட்டுக்கு வருகிறாள். கூப்பிடும்போதெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்கிறாள்.