அண்ணன் சாட்சி சொன்ன வீடு

அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களுக்கு உரிமம் வாங்கிப் பல வருடம் ஆன பிறகும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது ஒரே சொல்தான்: "கிளட்ச்! கிளட்ச்!" அதனாலேயே தெருவுக்கு அவள் கிளட்ச் அக்கா ஆனாள்.

கிளட்ச் அக்காவின் வீடு பஸ் டிப்போவின் பின்சுவரை ஒட்டி, சரிவான தெருவின் அடியில் இருந்தது. வாங்கும்போதே அவளுடைய அண்ணன் வேண்டாம் என்றார். அவர் குளியலறைச் சாமான் கடை வைத்திருப்பவர். குழாய் தெரிந்தவனுக்கு வீடும் தெரியும் என்பது அவர் எண்ணம்.

"சத்தத்துல காது போயிடும். மழை பெய்ஞ்சா கீழ் ரூம்ல தண்ணி இறங்கும். சொல்றதைக் கேளு."

அவள் கேட்கவில்லை. குடிவந்த பிறகு அவர் சொன்ன இரண்டுமே நடந்தன. ஆனால் அதை அண்ணனிடம் ஒப்புக்கொள்ள அவள் தயாராக இல்லை. அவர் போனில் பேசும்போது டிப்போவில் பஸ் உறுமினால், "உங்க போன்தான் சரியில்லண்ணா, மாத்துங்க" என்பாள். பாவம், அவரும் இரண்டு முறை மாற்றினார். அவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் கீழ் அறையைப் பூட்டிச் சாவியை எங்கோ வைத்துவிட்டதாகச் சொல்வாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சொத்து வரி அலுவலகத்திலிருந்து வரியை ஏற்றிப் புதிய மதிப்பீடு வந்தது. படித்துப் பார்த்தவளுக்கு யாரோ பெரிய மனிதருடைய வீட்டைப் பற்றிப் படிப்பது போலிருந்தது. "அமைதியான குடியிருப்புப் பகுதி" என்று எழுதியிருந்தது. நான்கு படுக்கையறை என்றும் இருந்தது. மூன்றுதான் உண்டு. நான்காவது எது என்று யோசித்துப் பார்த்ததில், கார் நிறுத்தும் கொட்டகையைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

"காரு படுக்குற ரூமும் படுக்கையறைதானே" என்றார் கணவர். அவர் பெயர்ப்பலகை எழுதுபவர். எப்போதாவதுதான் பேசுவார், பேசினால் இப்படித்தான்.

அவள் ஆட்சேபணை மனு கொடுத்தாள். எதிர்வீட்டுத் தையல்காரர் பயமுறுத்தினார்: "எதிர்த்துக் கேட்டா இன்னும் ஏத்திடுவாங்களாம்!" அவளுக்கும் உள்ளூர உதறல்தான். மனு போட்டதும் அதிகாரிகள் படையெடுத்து வருவார்கள் என்று நினைத்தாள். ஒருவரும் வரவில்லை. வாரக்கணக்கில் மூச்சு பேச்சில்லை. விசாரிக்கப் போனபோது, "வரிசைப்படி வருவோம். அதுவரைக்கும் புது மதிப்பீட்டுப்படி வரியைக் கட்டிட்டு வாங்க. குறைஞ்சா பிற்பாடு கழிச்சுக்குவாங்க" என்றார் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர்.

ஒருவழியாக மதிப்பீட்டு அதிகாரி வீட்டைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. கிளட்ச் அக்கா உத்தரவு போட்டாள்: "என்னங்க, எதையும் தொடாதீங்க. கீழ் ரூம்ல ஈரம் ஊறினது அப்படியே இருக்கட்டும். அவர் கண்ணால பார்க்கணும்."

சொல்லிவிட்டு வகுப்பெடுக்கப் போனாள். திரும்பி வந்து அந்த அறையைத் திறந்தவளுக்குக் கண் கூசியது. ஈரம் பூத்து உப்பியிருந்த சுவர் முழுக்க இளநீல வண்ணத்தில் மினுமினுத்தது.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க!"

"வீட்டுக்கு ஒருத்தர் வர்றாரு. அழுக்குச் சுவரைக் காட்டினா என்ன நினைப்பாரு? நம்ம தொழிலே பெயிண்ட்தானே" என்றார் கணவர், தூரிகையைக் கழுவியபடி.

அதிகாரி வந்தார். கெட்ட மனிதரல்ல. கொட்டகையில் நின்று, "இது ரூம் இல்லதான்" என்று திருத்திக்கொண்டார். கீழ் அறையைப் பார்த்து, "ரொம்ப நல்லா பராமரிக்கிறீங்கம்மா!" என்று பாராட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். அன்றைக்கென்று பார்த்து ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம். டிப்போவில் ஈ எறும்பு அசையவில்லை.

படுக்கையறைக் கணக்கைத் திருத்திக் கொஞ்சம் குறைக்கிறோம், சம்மதமா, இல்லை மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகிறீர்களா என்று கேட்டார்கள். குழுவுக்கே போகிறேன் என்றாள். வீட்டின் குறைகளைத் தெரிந்த சாட்சி இருந்தால் நல்லது என்றார்கள். அந்த வீட்டின் குறைகளை அவளுடைய அண்ணனைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் உலகத்தில் யார்?

போனை எடுத்துவிட்டு வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"அண்ணா... இந்த வீட்டைப் பத்தி நீங்க அன்னைக்குச் சொன்னீங்கல்ல. அதைக் குழு முன்னாடி சொல்லணும்."

"எதை?"

"சத்தம், தண்ணி... எல்லாத்தையும்."

"அப்போ நான் சொன்னது சரிதான்?"

"சரிதாண்ணா."

"கேக்கல, பஸ் சத்தம். இன்னொரு வாட்டி சொல்லு."

பஸ் எதுவும் போகவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை சொன்னாள்.

விசாரணை நாளில் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை போல வந்தார். நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் குழுவினர் மூன்று பேர், ஓரத்தில் அதிகாரி. இந்தப் பக்கம் அண்ணன், தங்கை, கணவர். அண்ணன் சரிவைப் பற்றிச் சொன்னார், டிப்போவைப் பற்றிச் சொன்னார். எத்தனை வருட ஆசை! குழுத் தலைவி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்போது அதிகாரி, அவளுக்கு உதவுகிற நல்லெண்ணத்தில், "குளியலறைக் குழாய்களும் மட்டமான தரம்தாங்க. அதையும் சேர்த்துக்கலாம்" என்றார்.

அண்ணன் எழுந்துவிட்டார். அந்தக் குழாய்கள் புது வீட்டுக்கென்று அவர் தம் கடையிலிருந்து கொடுத்தவை.

"மட்டமா? யாரைப் பார்த்து மட்டம்ங்கறீங்க? முழுப் பித்தளை சார்! இந்தத் தெருவுல வேற எந்த வீட்டுல இருக்கு அப்படி ஒரு குழாய்?"

மேசைக்கடியில் அவளுடைய இடது கால் தானாகவே அழுத்தியது. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் அண்ணனின் செருப்பு இருந்தது. அவர் நிற்கவில்லை.

"என் தங்கச்சி வீட்டை என்ன குப்பைன்னு நினைச்சீங்களா? காத்தோட்டத்தைப் பாருங்க! அந்தச் சமையலறையில நின்னா..."

"ஐயா, நீங்க யார் பக்கம்?" என்று கேட்டார் தலைவி.

அண்ணன் உட்கார்ந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"குறை சொல்றதுன்னா நான் சொல்லுவேம்மா. வேற யாரும் சொல்லக் கூடாது."

தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சமாளித்துக்கொண்டு, "ஈரம்னு சொன்னீங்க. ஆனா ரிப்போர்ட்ல கீழ் ரூம் சுவர் புதுசு மாதிரி இருக்குன்னு இருக்கே?" என்று கேட்டார்.

கிளட்ச் அக்கா கணவரைத் திரும்பி முறைத்தாள். அதுவரை சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்த கணவர் செல்போனை மெல்ல மேசைமேல் தள்ளினார்.

"நான் எந்த வேலைக்கும் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு படம் எடுத்து வச்சுக்குவேங்க. வாடிக்கையாளருக்குக் காட்டறதுக்கு."

முதல் படத்தில் அவளுடைய கீழ் அறைச் சுவர், உப்பி உரிந்து, அடிப்பக்கம் பாசி பிடித்து, அத்தனை அசிங்கமாகத் தெரிந்தது. இவ்வளவு அழகான படத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

தீர்ப்பு தபாலில் வந்தது. கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் குறைத்திருந்தார்கள். கூடுதலாகக் கட்டியதை அடுத்த தவணையில் கழித்துக்கொள்வார்களாம். இந்தக் குறைப்பு இந்த ஒரு வருடத்துக்கு மட்டும். அடுத்த வருடம் புது மதிப்பீடு, வேண்டுமானால் புது ஆட்சேபணை.

"மறுபடியும் முதல்லேருந்தா?" என்று கேட்டார் கணவர்.

"ஆமா. அதுக்குள்ள நீங்க வேற எந்தச் சுவரையும் தொடாதீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாப்பிட வந்தார். அவள் முதல்முறையாகக் கீழ் அறைக் கதவை அவருக்காகத் திறந்தாள். இளநீலத்தின் ஓரத்தில் ஈரம் மறுபடி தலைகாட்டத் தொடங்கியிருந்தது. அவர் குனிந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "நான்தான் அப்பவே" என்று ஆரம்பித்தவர், தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"வெளிப்பக்கம் மண்ணைத் தோண்டி ஒரு வடிகால் குழாய் போட்டா சரியாயிடும். கடையில இருக்கு. நானே எடுத்துட்டு வரேன்" என்றார்.

"போட்டா அடுத்த வருஷம் வரி ஏறிடும்ணா."

"ஏறட்டும்" என்றார் அண்ணன், சட்டைக் கையை மடித்துக்கொண்டே. "மண்வெட்டி எங்க இருக்கு?"