இரண்டு கன மீட்டர் பாறை

நகராட்சி அலுவலகத்தின் பொறியியல் பிரிவில் அவளுக்கு ரப்பரம்மா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, மேலதிகாரி பென்சிலால் போட்டிருந்த கூட்டலை ஒரு வார்த்தை பேசாமல் அழித்துவிட்டு, சரியான தொகையை எழுதி அவரிடமே நீட்டினாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் பத்தொன்பது வருஷமாகியும் போகவில்லை. அவளும் அதற்காக வருத்தப்படவில்லை. உள்ளூர ஒரு பெருமைகூட உண்டு.

பொறியாளர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டவள்தான். பின்னால் இரண்டு தம்பிகள் படிக்கக் காத்திருந்ததால் இரண்டு வருஷப் படிப்போடு நிறுத்திக்கொண்டு வரைவாளராகச் சேர்ந்தாள். படம் வரைவது, மதிப்பீடு தயாரிப்பது, டெண்டர் வந்தால் ஒப்பீட்டுப் பட்டியல் போடுவது, நடக்கிற வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுவது, இவைதான் அவள் வேலை. கணவர் தண்ணீர் லாரி ஓட்டினார். ஒரே மகள் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வீட்டு மாடியில் நின்றால் பள்ளி மணி காதில் விழும். ஆனால் போய்ச் சேர, பிரதான சாலைப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் நடக்க வேண்டும்.

அந்த வாய்க்காலின் குறுக்கே ஒரு நடைபாலம் கட்ட நகராட்சி முடிவெடுத்தது. டெண்டர் விட்டார்கள். நான்கு பேர் உறை போட்டார்கள்.

திங்கட்கிழமை மதியம் எல்லோர் முன்னிலையிலும் உறைகளைப் பிரித்து மொத்தத் தொகைகளை வாசித்தார்கள். எல்லோரையும்விடக் குறைவு, கடப்பாரை என்று அழைக்கப்படும் ஒப்பந்ததாரருடையது. ஒல்லியான மனிதர். கொத்தனாராக இருந்து முன்னுக்கு வந்தவர். இப்போதும் தன் ஆட்களோடு சேர்ந்து மண்ணில் இறங்குவார் என்பதால் அந்தப் பெயர். அடுத்தவருக்கும் அவருக்கும் வித்தியாசம் ஒரு நூலிழைதான். மற்ற மூவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை ரப்பரம்மா ஒப்பீட்டுப் பட்டியலுக்கு உட்கார்ந்தாள். மேஜையை மூடும் அளவுக்கு அகலமான தாள். இடது ஓரத்தில் முப்பத்தொரு வேலைகள், மேலே நான்கு பேர். ஒவ்வொரு வேலைக்கும் யார் என்ன விலை கேட்டிருக்கிறார் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தாள். மூன்றாவது வரியில் பேனா நின்றது.

அஸ்திவாரத்துக்கு மண் தோண்டுவது. கன மீட்டருக்கு மற்றவர்கள் முப்பதை ஒட்டிக் கேட்டிருக்க, கடப்பாரை வெறும் ஆறு கேட்டிருந்தார். ஆறுக்கு மண்வெட்டியைக்கூட வாடகைக்கு எடுக்க முடியாது. நான்காவது வரி, பாறை வெட்டுவது. மற்றவர்கள் நூறு. கடப்பாரை எண்ணூற்று ஐம்பது.

எண்பத்தைந்து என்று எழுதப் போய் ஒரு சுழி கூடிவிட்டதோ என்று முதலில் நினைத்தாள். எழுத்தால் எழுதிய பத்தியைப் பார்த்தாள். 'எண்ணூற்று ஐம்பது மட்டும்' என்று தெளிவாக இருந்தது. அந்த 'மட்டும்' அவளைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது.

தாளைச் சுருட்டிக்கொண்டு பொறியாளரின் அறைக்குப் போனாள். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தவர். கோப்பு நகர்ந்தால் போதும் என்று நினைப்பவர்.

"சார், இந்த ரெண்டு விலையும் எனக்குப் புரியவே மாட்டேங்குது."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "பாறை எவ்வளவு போட்டிருக்கோம்?"

"ரெண்டு கன மீட்டர் சார்."

"ரெண்டுதானே? ரெண்டுக்கு அவர் எண்ணூத்தம்பது கேட்டா என்ன, ஆயிரம் கேட்டா என்ன. மொத்தத்துல யார் கம்மி?"

"அவர்தான் சார்."

"அப்புறம் என்னம்மா? பட்டியலைப் போட்டு மேல அனுப்புங்க."

சரி என்று வந்துவிட்டாள். ஆனால் பட்டியல் நகரவில்லை. ஒரு மனிதர் ஒரு வேலையை நஷ்டத்துக்குக் கேட்கிறார், அடுத்த வேலைக்கு வாய் கூசாமல் எட்டு மடங்கு கேட்கிறார். கூட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக வருகிறது. கூட்டல் சரியாக இருந்தும் கணக்கு தப்பாகத் தெரிவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

அன்று மாலை கணவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரையே பார்த்தார்.

"என்னம்மா, இன்னைக்கு ஆபீஸ்ல என்ன?"

"ஏன் கேக்கறீங்க?"

"ரெண்டு தடவை சர்க்கரை போட்டுட்டு, டீத்தூளை விட்டுட்டே. அதான்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு கேட்டார். "பாறை இருக்குன்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்குமோ என்னவோ," என்றார் சாதாரணமாக. "எங்க லாரி ஓனர்கூட அப்படித்தான். மேட்டுத் தெருன்னு முன்னாடியே தெரிஞ்சா டீசலுக்குத் தனியாக் கேப்பார். தெரியலைன்னா வாயே தொறக்க மாட்டார்."

மறுநாள் காலை மகளோடு அவளும் கிளம்பினாள். சாலைப் பாலம் வரை கூடவே நடந்து, மகளை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, வாய்க்கால் கரையோரமாகவே திரும்பி நடந்தாள். பாலம் வரவேண்டிய இடத்தில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரம்மா ஒரு டியூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்குப் பத்தடி தள்ளி, புல் இல்லாமல் ஒரு பெரிய பெட்டி அளவுக்கு மண் மட்டும் புதிதாகத் தெரிந்தது.

"ஏம்மா, நான் நகராட்சி ஆபீஸ்ல இருந்து வரேன். இங்க யாராவது தோண்டினாங்களா?"

"தோண்டினாரே. ரெண்டு நாளு. ஒல்லியா ஒருத்தர், கூட ரெண்டு ஆளுங்க. இடுப்பளவு போனதும் கடப்பாரை ணங் ணங்னு அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. எனக்குத் தலைவலியே வந்திடுச்சு. அப்புறம் ஒரு கல்லை உடைச்சுப் பையில போட்டுக்கிட்டு, குழியை மூடிட்டுப் போயிட்டார். நீங்க ஆபீஸ்ல இருந்து அனுப்பின ஆளுன்னு நெனச்சேன். இல்லையா?"

ரப்பரம்மா கடையிலிருந்து ஒரு நீளமான இரும்புக் கம்பியை வாங்கி, தளர்ந்திருந்த மண்ணில் இறக்கினாள். வெண்ணெயில் இறங்குவது போல இடுப்பளவு இறங்கியது. பிறகு ணங் என்றது. இடத்தை மாற்றி மாற்றி நான்கு தடவை இறக்கினாள். நான்கு தடவையும் அதே சத்தம்.

அலுவலகத்துக்கு வந்ததும் மதிப்பீட்டுக் கோப்பை எடுத்தாள். பாறை இரண்டு கன மீட்டர் என்று எழுதியது யார், எதை வைத்து எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். நான்காம் பக்கத்தின் அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்தே இருந்தது. இரண்டு நாளில் மதிப்பீடு வேண்டும் என்று பொறியாளர் அவசரப்படுத்தியபோது, எட்டு வருஷத்துக்கு முன் ஒரு தண்ணீர்த் தொட்டிக்காக எடுத்த மண் பரிசோதனை அறிக்கையை வைத்து எழுதியது. அந்தத் தொட்டி வாய்க்காலிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி. 'இருக்கட்டும் ஒரு ரெண்டு' என்று பாறைக்கு ஓர் எண்ணைப் போட்டது இப்போது நன்றாக ஞாபகம் வந்தது.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். மதிப்பீட்டில் எழுதிய அளவு எதுவானாலும், கடைசியில் பணம் தருவது தோண்டும்போது உண்மையில் வந்த அளவுக்குத்தான். அவள் எழுதியிருந்தது மண் இருநூற்று முப்பத்தெட்டு, பாறை இரண்டு. இடுப்பளவுக்குக் கீழே எல்லாமே பாறை என்றால் மண் எண்பது, பாறை நூற்று அறுபது. அந்த அளவை நான்கு பேர் விலையோடும் பெருக்கினாள். முதலிடத்தில் இருந்த கடப்பாரை நான்காவது இடத்துக்குப் போய்விட்டார். மூன்றாமவருக்கும் அவருக்கும் நடுவே ஒரு லாரியை நிறுத்தலாம்.

அப்படியானால் அவர் ஏமாற்றுக்காரர். இப்படி ஒரு முடிவுக்கு வந்து, அதை நிம்மதியாகப் பிடித்துக்கொண்டாள். அந்த நிம்மதி வியாழக்கிழமை மதியம் வரை இருந்தது.

வியாழக்கிழமை அவள் கை கழுவிவிட்டு வரும்போது நடைபாதையில் கடப்பாரை நின்றிருந்தார். முழங்கை வரை சுருட்டிய சட்டை, செருப்பில் காய்ந்த சிமெண்டு.

"மேடம், வாய்க்கால் பக்கம் போயிருந்தீங்களாம். சைக்கிள் கடையில சொன்னாங்க."

"உங்ககூட இப்ப நான் பேசக்கூடாதுங்க. முடிவு ஆகற வரைக்கும் டெண்டர் போட்டவங்ககூடப் பேசக்கூடாதுன்னு விதி இருக்கு."

"நீங்க பேச வேணாம். நான் மட்டும் பேசறேன்." குரலை உயர்த்தவில்லை. "இடத்தை நேர்ல பாத்துட்டு விலை போடணும்னு டெண்டர்ல எழுதியிருக்கீங்க. ஆறாவது பக்கம். நான் பாத்தேன். மத்த மூணு பேரும் பாக்கலை. பாத்தது தப்பா?"

அவள் சுவரைப் பார்த்தாள்.

"போன தடவை சாக்கடை வேலையில பாறை வந்துச்சு. ஞாபகம் இருக்கா? பாறைன்னு பட்டியல்லயே இல்லைன்னு சொல்லி மண்ணு விலையைத்தான் குடுத்தீங்க. அந்த அளவுப் புத்தகத்துல உங்க கையெழுத்துதான் இருந்துச்சு. என் வீட்டுக்காரி நகையெல்லாம் அந்தப் பாறையிலதான் போச்சு. இந்தத் தடவை பட்டியல்ல பாறை இருந்துச்சு. அதான் போட்டேன்."

சொல்லிவிட்டு, விதியை மீறியதற்கு மன்னிப்புக் கேட்பது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ரப்பரம்மா நாற்காலியில் போய் உட்கார்ந்து திருதிருவென்று விழித்தாள். பிடித்து வைத்திருந்த முடிவு கையை விட்டு நழுவிவிட்டது. பாறை இருப்பதைத் தெரிந்துகொண்டு சொல்லாமல் விட்டது தப்பு. ஆனால் நாலு பேரில் குழி தோண்டிப் பார்த்தது அவர் ஒருவர்தான். பார்க்காமலே நூறு என்று போட்ட மூவர் நேர்மையானவர்களா, சோம்பேறிகளா? பார்க்காமலே இரண்டு என்று போட்ட தன்னை எந்த வரிசையில் வைப்பது? ஒரு பக்கம் யோசித்தால் அவர் பேச்சு சரி, மறுபக்கம் யோசித்தால் அவர் விலை அநியாயம். இரண்டையும் ஒரே தாளில் எழுத அவளுக்கு வழி தெரியவில்லை.

கடைசியில் இரண்டு தாளாக எழுதினாள். முதல் பட்டியல், மதிப்பீட்டில் உள்ள அளவின்படி. இரண்டாம் பட்டியல், கரையில் கம்பி இறக்கிப் பார்த்ததில் தெரியவந்த அளவின்படி. அடியில் ஒரு குறிப்பு: 'மதிப்பீட்டில் பாறையின் அளவு தவறு. தயாரித்தவர் நான்.' கடப்பாரை நடைபாதையில் வந்து பேசியதையும் ஒரு வரியில் சேர்த்தாள்.

பொறியாளர் குறிப்பை இரண்டு முறை படித்தார்.

"இதை அனுப்பினா முதல் கேள்வி உங்க மேலதான் வரும். அடுத்தது என் மேல. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் எழுதறீங்களா?"

"இது சரியான்னு எனக்கே தெரியலை சார். ஆனா வெறும் முதல் பட்டியலை மட்டும் அனுப்பினா, அது தப்புன்னு தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் டெண்டர் குழு கூடியது. கணக்கு அதிகாரி, முதல் பட்டியலின்படி கடப்பாரைக்கே கொடுக்க வேண்டும், விதி அதுதான் என்றார். ஆணையர், இரண்டாம் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் நாளைக்கு ஊரே கேட்கும் என்றார். இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்க, எந்த விதியின்படி என்று இன்னொருவர் திருப்பிக் கேட்டார். இரண்டு மணி நேரம் பேசி, நான்கு உறைகளையும் தள்ளிவிட்டு, இரண்டு கரையிலும் முறைப்படி குழி தோண்டி அளவெடுத்து, புதிதாக டெண்டர் விடுவது என்று முடிவானது. ரப்பரம்மாவிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். அந்த வருஷத்துச் சம்பள உயர்வை ஆறு மாதம் தள்ளி வைத்தார்கள்.

மகளுக்குத்தான் கோபம். "அப்ப பாலம் இந்த வருஷம் வராதா? உன்னாலயா?"

"என்னாலதான்."

"நீ ஏம்மா போய்ச் சொன்னே?"

அதற்கு அவளிடம் சுருக்கமான பதில் இல்லை. நீளமான பதிலைக் கேட்க மகளுக்குப் பொறுமை இல்லை. மழைக்காலம் முழுக்க மகள் குடையைப் பிடித்துக்கொண்டு சாலைப் பாலத்தைச் சுற்றியே போனாள். வீட்டு வாசலில் ஈரச் செருப்பைக் கொஞ்சம் சத்தமாகவே உதறினாள்.

நான்கு மாதம் கழித்து மறுபடி உறைகளைப் பிரித்தார்கள். இந்தத் தடவை ஐந்து பேர். ஐவரும் திறந்து வைத்த குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பாறைக்கு எல்லோரும் தொண்ணூறிலிருந்து நூற்றிருபதுக்குள் கேட்டிருந்தார்கள். கடப்பாரை கேட்டது நூற்றுப்பத்து. ஆனால் கான்கிரீட்டிலும் கம்பியிலும் இறங்கி வந்திருந்தார். மொத்தத்தில் அவரே குறைவு. இரண்டு பட்டியல் தேவைப்படவில்லை. வேலை அவருக்கே போனது.

யாருக்குப் போகக்கூடாது என்று அத்தனை கலாட்டாவோ, அவருக்கே போய்ச் சேர்ந்ததில் அவளுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று தெரியவில்லை. கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அதே ஆளு, அதே பாறை, நியாய விலை. இதுக்கு ஏன் இவ்வளவு குழப்பம் உனக்கு?" என்றார். குழப்பமில்லாமல் இதை எப்படிப் பார்க்க முடிகிறது என்று அவளுக்குக் கணவர்மீது ஆச்சரியமாக இருந்தது.

வேலை நடக்கும்போது வாரம் ஒருமுறை அளவெடுக்கப் போனாள். பாறை நூற்று அறுபது வரவில்லை. நூற்று எழுபத்தொன்று வந்தது. நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் நின்ற கடப்பாரை, "எழுதிக்கிட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். "எழுதிட்டேன்," என்றாள். அதற்கு மேல் இருவரும் பழைய கதை எதையும் பேசவில்லை. பாலம் பள்ளி ஆண்டுத் தேர்வுக்கு முன் திறந்தது. மகள் முதல் வாரம் சைக்கிளிலேயே போனாள். நடைபாலத்தில் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று பலகை வைத்ததும் நடந்து போனாள்.

ஆறு மாதம் முடிந்ததும் சம்பள உயர்வு தானாகவே வந்தது. கூடவே கடிதம் எதுவும் வரவில்லை. அவள் எழுதிக் கொடுத்த விளக்கம் ஒரு பக்கத்துக்கும் குறைவு. அதை ஏற்றுக்கொண்டார்களா, தள்ளிவிட்டார்களா, யாராவது படித்தார்களா என்று இன்றுவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் பொறியாளரிடமே நேராகக் கேட்டாள்.

"எனக்கும் தெரியலைம்மா," என்றார் அவர். "என்கிட்டயும் விளக்கம் ஒண்ணு கேட்டாங்க. நானும் எழுதிக் குடுத்தேன்."