மாமியின் நாவலில் நான் வாசித்த பக்கம்

மாமி எழுதிய நாவல் சென்னையில் அச்சாகி, அளவெட்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பெட்டிகளில் வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. மாமி அப்பாவின் அக்கா. கலியாணம் செய்யாதவர், பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தார். அட்டையில் அவருடைய பெயரைக் கண்ட நாளிலிருந்து, பாதி நாவலை நானே எழுதியதுபோல ஊருக்குள் நடக்கத் தொடங்கினேன்.

அம்மா நாவல் வாசிப்பதில்லை. அவர் எழுதியதெல்லாம் கடிதங்கள். இறுதி யுத்தத்தில் என் தம்பிக்கு ஏழு மாதம். எனக்கு நாலு வயது, ஒன்றும் நினைவில்லை. செல் குண்டின் துண்டு பட்ட தம்பியை அப்பா வைத்தியசாலைக் கூடாரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். கால் காயத்தோடு அம்மா பதுங்குகுழிக்குள் கிடந்தார். வெறுங்கையோடு திரும்பிய அப்பா, காயக்காரரை ஏற்றிய கப்பலில் பிள்ளையை ஒரு தாதியிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதை நம்பித்தான் அம்மா எழுந்து நடந்தார். பிறகு தெரிந்த அலுவலகங்களுக்கெல்லாம் எழுதினார். தீபாவளிக்குத் தீபாவளி தம்பியின் வயதுக்கேற்ற சட்டை ஒன்று வாங்கி அலுமாரியில் வைத்தார்.

வெளியீட்டு விழா ஒரு ஞாயிறு காலை, வாசிகசாலை மண்டபத்தில் நடந்தது. பேசிய மூவரில் இருவர் நாவலை வாசித்திருக்கவில்லை என்பது எனக்கே விளங்கியது. அவர்கள்தான் அதிக நேரம் பேசினார்கள். அதன்பின் நாவலிலிருந்து ஒரு பக்கத்தை நான் வாசிக்க வேண்டும். மழையைப் பற்றிய ஒரு பக்கத்தை மாமி மடித்துத் தந்திருந்தார். எனக்கு அது சப்பென்றிருந்தது. அழுகை வருகிற இடமாகப் பார்த்து வாசித்தால்தான் சபை அசையும் என்பது பேச்சுப்போட்டிகளில் நான் கற்ற பாடம். ஒருவருக்கும் சொல்லாமல் வேறு பக்கத்தைப் புரட்டினேன்.

அதில் ஒருவன், இறந்துபோன தன் குழந்தையைப் பச்சைத் துவாயில் சுற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோகிறான். இடுப்பில், தாயின் சேலைக் கரையில் கிழித்துக் கட்டிய நாடாவை அவிழ்க்க மனம் வராமல் அப்படியே விடுகிறான். கையால் மணலைத் தோண்டிப் புதைக்கிறான். உண்மையைச் சொன்னால் மனைவி அந்த இடத்தை விட்டு எழும்பமாட்டாள் என்று பயந்து, கப்பலில் ஏற்றிவிட்டதாக அவளிடம் பொய் சொல்கிறான்.

எங்கள் தம்பி கப்பலில் போனவன், புத்தகத்துக் குழந்தை செத்துப்போனது. இரண்டும் ஒன்றாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தார். மேடையில் மாமி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மா எழுந்தார். அழவில்லை. தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற அப்பாவிடம் போனார்.

“எவ்விடத்திலை?” என்று கேட்டார்.

அப்பா தட்டை நிலத்தில் வைத்தார். “கரை முழுக்க ஒரே மாதிரித்தான் கிடந்தது. இப்ப போனாலும் எனக்குக் காட்டத் தெரியாது.”

விஷயம் தெரியாத சபை எனக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தது.

பின்னேரம் மாமி வந்து அம்மாவின் முன்னால் நின்றார். அப்பா தன்னிடம் மட்டும் சொல்லி அழுததை எழுதாமல் இருக்க முடியவில்லை என்றார்.

“பேரெல்லாம் மாத்தினனான். நீர் வாசிக்கமாட்டீர் எண்டு நினைச்சிட்டன்.”

அதன்பின் மாமி ஒரு வரியும் எழுதவில்லை. அம்மாவும் கடிதம் எழுதுவதை நிறுத்தினார். அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அரிசி முடிந்தது, மா முடிந்தது என்பதற்கு மேல் அவர்களுக்குள் கதை இருக்கவில்லை.

விழாவுக்கு மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டபோதும் அம்மா பேசாமல் இருந்தார். நான் எங்கோ சொல் தவறவிட்டதுதான் காரணம் என்று நினைத்தேன்.

“நான் பிழையா வாசிச்சனானோ அம்மா?”

“இல்லைப் பிள்ளை. ஒவ்வொரு சொல்லும் விளங்கினது.”

நடுவர் ஒருவரின் பாராட்டைப்போல அதை நான் நெடுங்காலம் மனதில் வைத்திருந்தேன்.