பென்சில் கோடு போட்ட ஆள்

இன்று வாடகை நூல் நிலையத்தில் எடுத்த காதல் நாவலில், நாயகன் ஒரு கிரிக்கெட் வீரன்.

மேட்ச் ஜெயித்த அன்று ஓட்டல் அறையில் அவன் தனியாகச் சாப்பிடுகிறான். அந்த வரிகளுக்கு யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். நானும் அங்கேதான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

நம்மைப் போல் தனியாகச் சாப்பிடும் ஆள் ஊரில் இன்னொருவர் இருக்கிறாரே என்று என் ஜவுளிக் கடையைப் பூட்டிவிட்டு நூல் நிலையத்துக்கு ஓடினேன்.

"தம்பி, எனக்கு முன்னாடி இதை எடுத்தவுக யாரு? ஒரு டீ வாங்கிக் குடுத்துப் பேசணும்."

நூல் நிலையத்துக்காரர் நோட்டைப் புரட்டிச் சிரித்தார். "போன வருசம் நீங்கதான் எடுத்தீக, அண்ணாச்சி. வேற ஒருத்தரும் தொடலை."

சேலையைத் தொட்டதும் எந்தத் தறி என்று சொல்பவன் நான். நான் போட்ட கோடு எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அருப்புக்கோட்டையில் அந்த நாவலைப் படித்தவர்கள் இருந்தால் டீக்கு வாருங்கள். படிக்காவிட்டாலும் வாருங்கள்.