பெயர் மாறிய வேலை

சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் பதினோரு வருஷம் உதவியாளராக இருந்தேன். ஒவ்வொரு ஜூனிலும் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவேன். கடைசி வருஷம், என்னை நிரந்தரமாக்குங்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஜூனில் கையெழுத்துக்குக் கூப்பிடவே இல்லை.

நேரில் போய்ப் பள்ளியின் நிர்வாக அலுவலரைக் கேட்டேன்.

"நாங்க உங்கள நிறுத்தலையேம்மா. ஒப்பந்தம் முடிஞ்சிடுச்சி, புதுப்பிக்கல. அவ்ளோதான்."

"ஏன் சார் புதுப்பிக்கல?"

"காரணம் சொல்லணும்னு ஒப்பந்தத்துல எங்கயும் இல்லியே."

கடலூர் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். விசாரணைக்கு மூன்று தடவை நான் மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். நான்காவது தடவை நிர்வாக அலுவலர் வந்தார். டைப் அடித்த உடன்பாட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் மனுவை வாபஸ் வாங்க வேண்டும். ஆய்வக உதவியாளர் பணியிடம் மறுபடி நிரப்பப்படும்போது முதல் உரிமை எனக்கு. இவ்வளவுதான் அதில் இருந்தது.

"எப்ப சார் நிரப்புவீங்க?" என்றேன்.

"பிளஸ் டூ பிராக்டிகல் வருதில்ல? ஆளில்லாம நடத்த முடியுமா?" என்று சிரித்தார்.

தொழிலாளர் அலுவலரும், "நல்ல ஷரத்தும்மா. கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்குல இழுக்கும். சமாதானமா போயிடுங்க" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். திரும்பும் பஸ்ஸிலேயே என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "வேலை வந்துரும் மாமா" என்றேன்.

ஜனவரியில் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். எது எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லையாம், நாலு நாள் வந்து ஆய்வகத்தை ஒழுங்குபடுத்தித் தர வேண்டுமாம். இப்படித்தான் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது என்று சந்தோஷமாகப் போனேன். மங்கிப்போன லேபிள்களைக் கிழித்துப் புதிதாக எழுதி ஒட்டினேன். விரிசல் விட்ட பியூரெட் குழாய்களைப் பொறுக்கித் தனியே வைத்தேன். குமராட்சிப் பக்கத்திலிருந்து மினிபஸ்ஸில் வரும் ஒரு பெண் நோட்டும் பேனாவுமாகக் கூடவே நின்றாள். இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்தவள், பிராக்டிகல் சமயத்தில் இங்கேயும் உதவப் போகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எந்தக் கரைசலை அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டும், எந்த உப்பு ஈரம் இழுக்கும், எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். அவளும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள்.

நான்காம் நாள் வருகைப் பதிவேட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். அவள் பெயருக்கு எதிரே "வேதியியல் ஆய்வக ஒருங்கிணைப்பாளர்" என்றிருந்தது.

"நீங்க எந்த வேலைக்குச் சேந்துருக்கீங்க?"

"இதுக்குத்தான்க்கா. போன மாசமே சேந்துட்டேன். நீங்க வேலைய விட்டுட்டீங்க, எனக்குக் கத்துக்குடுக்க வர்றீங்கன்னு சொன்னாங்க."

நேராக நிர்வாக அலுவலர் அறைக்குப் போனேன். அவர் உடன்பாட்டின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது வேற போஸ்ட்டும்மா. உதவியாளர் போஸ்ட்ட எடுத்தாச்சி. இல்லாத போஸ்ட்ட எப்படி நிரப்புறது?"

மறுபடியும் கடலூர். தொழிலாளர் அலுவலர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"உதவியாளர்னுதான் போட்டுருக்கு."

"செய்யற வேலை ஒண்ணுதானே சார்?"

"எனக்குப் புரியுதும்மா. காகிதத்துல இல்லியே."

நல்ல ஷரத்து என்று சொன்ன அதே வாய். இருந்தாலும், சமரசம் முறிந்தது என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார். அதை வைத்துத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனேன்.

இரண்டு வேலையும் ஒன்றுதான் என்று அந்தப் பெண் எழுதிக் கொடுத்தால் வழக்கு நிற்கும் என்றார் என் வக்கீல். ஒரு ஞாயிற்றுக்கிழமை குமராட்சிக்குப் போனேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"எனக்கும் ஏப்ரல் வரைக்கும்தான்க்கா குடுத்துருக்காங்க. எழுதிக் குடுத்தேன்னா எனக்கும் இதே கதிதான்."

தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மினிபஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். அவள்மேல் கோபப்பட எனக்கு என்ன நியாயம் இருக்கிறது? ஆனாலும் கோபம் வந்தது. ஏமாற்றியவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, இவள்தான் இருந்தாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் பள்ளித் தரப்பு வாய்தா கேட்கிறது. ஒருமுறை வக்கீலுக்குக் காய்ச்சல், இன்னொரு முறை கோப்பு கிடைக்கவில்லை. போன தடவை காரணமே சொல்லவில்லை, கேட்டார்கள், கொடுத்தார்கள். இப்போது வீட்டிலேயே பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். வாய்தா நாளில் அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே பஸ் ஏறுகிறேன்.

"விட்டுத் தொலையேன், ஒடம்புதான் கெடுது" என்கிறார் வீட்டுக்காரர்.

"வேலையக்கூட விட்டுருவேன் மாமா. என் கையாலயே லேபிள் ஒட்ட வெச்சாங்க பாரு, அத விட முடியல."

அடுத்த வாய்தாவுக்கு நானும் வர்றேன் என்று மட்டும் அவர் சொன்னார்.