ஜெனிக்குக் கிடைத்த சேஃப்டி காலேஜ்

என் மகள் ஜெனியின் பள்ளியில், கல்லூரி ஆலோசகர் என்று ஓர் அம்மாள் இருக்கிறார். "உங்கள் மகளின் கல்லூரிப் பட்டியலில் சேஃப்டி ஸ்கூலே இல்லையே" என்று அவர் கவலைப்பட்டபோது எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. "ஆமாம், பெண்பிள்ளை அல்லவா? வாசலில் வாட்ச்மேன் இருப்பாரா? ஹாஸ்டலை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்?" என்று கேட்டேன். அவர் குழம்பிப்போய், வளாகத்துக்கென்று தனிப் போலீஸ் உண்டு என்றார். இப்படியே பத்து நிமிடம் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டு பேசினோம். ஜெனி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். காருக்கு வந்த பிறகுதான் விளக்கினாள். மற்றவர்கள் எல்லோரும் கைவிட்டாலும் நிச்சயம் இடம் தரக்கூடிய கல்லூரிக்குத்தான் அந்தப் பெயராம். காலேஜையும் இந்த அமெரிக்கர்கள் ஸ்கூல் என்பது, இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகவில்லை.

ராயபுரத்தில் எனக்கும் ஒன்று இருந்தது, பெயர்தான் தெரியாது. பிளஸ் டூ முடித்து, இன்ஜினியரிங் தவிர வேறெதற்கும் விண்ணப்பிக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அரை மார்க்கில் ஆசைப்பட்ட இடம் போயிற்று. மூன்று நாள் சாப்பிடாமல் படுத்திருந்தேன். நான்காம் நாள் என் அக்கா பிலோமினா ஒரு கடிதத்தைத் தலைமாட்டில் போட்டாள். என் கையெழுத்தைத் தானே போட்டு, ஒரு கலைக் கல்லூரியில் கணக்குப் பாடத்துக்கு எனக்காக விண்ணப்பித்திருக்கிறாள். "ஒண்ணு கெடக்கட்டும்னு போட்டு வச்சேன். சீட்டு வந்துகீது. எந்திரிடி, மூஞ்சிய கழுவு" என்றாள். அந்தக் கணக்குதான் என்னை ஓஹாயோ வரை கொண்டுவந்தது.

அதனால் ஜெனியின் ஏழு பெரிய கல்லூரிகளுக்குக் கீழே, நாற்பது நிமிடத் தொலைவிலுள்ள கல்லூரி ஒன்றை எட்டாவதாகச் சேர்க்கச் சொன்னேன். மார்ச்சில் பதில்கள் வந்தன. நம் ஊரில் இடமில்லை என்றால் நோட்டீஸ் போர்டில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். இங்கே கல்லூரி உங்களுக்காக மிகவும் வருந்துகிறது. ஏழு கல்லூரிகள் வருந்தின. ஏழாவதைப் படித்ததும் ஜெனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்காவை வீடியோவில் அழைத்து, கதவைத் தட்டி, போனை உள்ளே நீட்டினேன்.

"இன்னாடி ஜெனி, ஏழு பேரும் வோணான்னுட்டானுங்களா? எனக்கு ஒம்போது பேரு. பொண்ணு பாக்க வந்து, பஜ்ஜியெல்லாம் துன்னுட்டு, லெட்டர் போடறோம்னு பூட்டானுங்கோ."

"இவங்களும் அப்ளிகேஷன் ஃபீஸ் வாங்கிட்டுதான் வேணாம்னாங்க, பெரியம்மா."

"அப்போ அதே கும்பல்தான். பத்தாவதா வந்தாரே உங்க பெரியப்பா, அவரு இன்னா மட்டமா?"

"இன்னாத்துக்கு இப்போ என்னிய இழுக்கற?" என்று பின்னாலிருந்து அக்கா வீட்டுக்காரரின் குரல் வந்தது. ஜெனி சிரித்துவிட்டாள்.

தேறாதவள் நான்தான். எட்டாவது கல்லூரி இடம் தந்தும், ஒரு வருடம் வீட்டிலிருந்து மறுபடி முயற்சி செய்யச் சொல்லி நச்சரித்தேன். அந்த ஏழு பெயர்களையும் குடும்ப வாட்ஸாப் குழுவில் முன்கூட்டியே பரப்பியவள் நானல்லவா? ஒரு நாள் சாப்பிடும்போது ஜெனி கேட்டாள்: "அம்மா, ரிஜெக்ட் ஆனது நான். நான் அழுது முடிச்சிட்டேன். நீ எப்ப முடிப்ப?"

அந்தச் சனிக்கிழமை அந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனோம். ஜெனியின் ஒரு கேள்விக்கு ஒரு பேராசிரியை அரை மணி நேரம் நின்று பதில் சொன்னார். திரும்பும் வழியிலேயே, காரில், போனில் "சேருகிறேன்" என்ற பொத்தானை அழுத்திவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

அக்கா தெரு முழுக்க, "எங்க ஜெனிக்கு சேஃப்டி காலேஜ்ல சீட்டு!" என்று சொல்லிவிட்டாள். தெரு அதை 'ஃபயர் அண்ட் சேஃப்டி' என்கிற தீயணைப்புப் படிப்பாகப் புரிந்துகொண்டது. முடித்ததும் எண்ணூர்த் தொழிற்சாலைகளில் உடனே வேலை என்று மூன்று வீடுகளில் உறுதியளித்திருக்கிறார்கள்.

கல்லூரிக் கடையில், நெஞ்சில் 'மாம்' என்று எழுதிய தடித்த ஸ்வெட்ஷர்ட் விற்றார்கள். பெரியம்மா என்று எழுதியது இல்லை. ஜெனி இரண்டு வாங்கி, ஒன்றை ராயபுரத்துக்கு அனுப்பினாள். போன வாரம் அக்காவின் படம் வந்தது. காசிமேட்டு மீன் மார்க்கெட், அக்னி வெயில், நைட்டிக்கு மேலே அந்தச் சட்டை, முகமெல்லாம் வேர்வை, கையில் ஒரு வஞ்சிரம். அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, ஓஹாயோவில் மே மாதத்திலும் குளிருக்காக மூடிக் கிடந்த ஜன்னலருகே நின்று அந்தப் படத்தைப் பார்த்தேன். எனக்குக் குளிர்ந்தது.