சகலை கேட்ட நாற்காலி

என் வீட்டுக்காரர் சோபா செய்கிறவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்த கூத்து அத்தனைக்கும் விதை அங்கேதான் இருக்கிறது. கடைத்தெருக் கோடியில் ஷட்டர் போட்ட ஒற்றை அறைதான் அவருடைய பட்டறை. உள்ளே போனால் ஃபோம் தூள் மூக்கில் ஏறும். பழைய சோபாக்கள் துணி உரிக்கப்பட்டு வெறும் மரச்சட்டமாக நிற்கும். வாயில் நாலைந்து ஆணியை வைத்துக்கொண்டே பேசுவார், சிரிப்பார், ஒருநாளும் விழுங்கியதில்லை. துணி வெட்ட கட்டிங்காரர் ஒருவர் உண்டு. மற்றதெல்லாம் இவர் கை வேலை.

சோபாவின் உயிர் பட்டையில் இருக்கிறது என்பார். நாம் உட்காரும் மெத்தைக்கு அடியில், சட்டத்தின் குறுக்கும் நெடுக்கும் அகலமான நாடாப் பட்டையை இழுத்துப் பிடித்து அறைந்திருப்பார்கள். அது தளர்ந்தால் உட்கார்ந்தவர் பள்ளத்தில் விழுந்த மாதிரி உள்ளே போய்விடுவார். "பட்டை கத்துற வரைக்கும் இழுக்கணும். கத்தினப்புறம் இன்னும் ஒரு இழுப்பு. அந்தக் கடைசி இழுப்புலதான் என் பேரு இருக்கு" என்பார். அந்தக் கடைசி இழுப்பில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. அதே புத்திதான் அவரை ஆஸ்பத்திரியிலும் படுக்க வைத்தது.

ஆள் வாயில்லாப் பூச்சி. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கோபப்படுகிற வேலையை என்னிடம் விட்டுவிட்டார். நானும் அதில் குறை வைப்பதில்லை.

இப்போது என் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர். செல்போன் கடை வைத்திருக்கிறார். அவருக்கு வாய் காது வரைக்கும். ஊருக்கு உபதேசம் செய்வதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அவர் ஒருநாள் எங்கிருந்தோ 'எரிமலை' என்று ஒரு உடற்பயிற்சியைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டிலேயே டிவி முன்னால் நின்று செய்ய வேண்டும். திரையில் ஒரு முறுக்கேறிய ஆள் குதிப்பான், விழுவான், எழுவான், மறுபடி குதிப்பான். நடுவில் மூச்சு வாங்க நேரம் கிடையாது. நிறுத்தலாம் என்று நினைக்கும்போது "இன்னும் ஒண்ணு!" என்று கத்துவான். அத்தான் உள்ளூர்த் தலைவர். சொந்தக்காரர்களையும் கடைக்கு வருகிறவர்களையும் சேர்த்து போனில் ஒரு குழு ஆரம்பித்தார். அதில் அவர் போட்ட விதி ஒன்று உண்டு. பாதியில் நிறுத்தினவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, "நான் தோத்துட்டேன்" என்று சொல்லி, அதை வீடியோ எடுத்துக் குழுவில் போட வேண்டும். மற்றவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதுதான் ஊக்கமாம். நல்ல ஊக்கம்!

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது அத்தான். அக்கா மகளின் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். கூட்டத்தின் நடுவில் இவர் தொப்பையில் விரலால் குத்தி, "என்ன சகலை, சோபா செய்றீங்களா, இல்ல சோபாவாவே மாறிட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள், அதுதான் இவருக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து குழுவில் இவர் பெயர் 'சோபா'. மறுநாள் காலையில் பார்க்கிறேன், மனிதர் பனியனோடு டிவி முன்னால் நிற்கிறார்.

"எதுக்குங்க இந்த வேண்டாத வேலை? நாள் பூரா பட்டை இழுக்கிறது பத்தாதா?"

"ஒரு தடவை முழுசா முடிச்சுக் காட்டிட்டா வாயை மூடிப்பாரு," என்றார்.

முதலில் பாதியில் நிறுத்தினார். நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, "நான் தோத்துட்டேன்" என்றார். வாழ்நாள் முழுக்க மற்றவர் உட்கார நாற்காலி செய்தவர், உட்கார்ந்ததற்காக வெட்கப்பட்டார். அத்தான் அதற்குக் கீழே, "சோபா சோபாலதான் உட்காரும்" என்று எழுதினார். அந்த போனை வாங்கி அம்மியில் வைத்து அரைக்கலாமா என்று எனக்கு வந்தது.

அடுத்த முறை இவர் நிறுத்தவில்லை. அன்று முழுக்கக் கைக்கான பயிற்சி. தரையில் விழுந்து கையை ஊன்றி எழ வேண்டும். கை நடுங்கியது, உதடு வெளுத்தது. "போதும்ங்க" என்று நான் கத்துகிறேன், அவன் டிவியில் "இன்னும் ஒண்ணு!" என்று கத்துகிறான். இவர் காதில் என் சத்தம் விழவில்லை. பட்டை கத்தியதும் இன்னும் ஒரு இழுப்பு இழுத்துப் பழகின மனிதர் அல்லவா? உடம்பு கத்துவதையும் பட்டை கத்துவதாகவே எடுத்துக்கொண்டார். முழுசாக முடித்தார். குழுவில் கைதட்டல் பொம்மைகள் வந்து குவிந்தன. அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மறுநாள் கை இரண்டும் வீங்கிவிட்டன. சட்டைக்குள் கை நுழையவில்லை. முழங்கையை மடக்க முடியவில்லை. பல் தேய்த்துவிட்டது நான், தலை வாரிவிட்டது நான். கழிப்பறையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போது கீழே பார்த்தேன். சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் இருந்தது. அப்படியே ஆட்டோ பிடித்தேன்.

டாக்டரம்மா இளவயசு, ஆனால் விஷயம் தெரிந்தவர். "தசை அளவுக்கு மீறி சிதைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கு. அதை வடிகட்ட முடியாம கிட்னி திணறுது. இன்னும் தாமதிச்சிருந்தா கிட்னியே போயிருக்கும்" என்றார். பாட்டில் பாட்டிலாக மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். நான் உடற்பயிற்சியையே வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் கையமர்த்தினார். "உடற்பயிற்சி நல்லதுதாம்மா. பழகாத உடம்பு கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழகணும். போதும்னு உடம்பு சொன்னா நிறுத்தணும். நிறுத்தினவரைக் கேலி பண்ற இடத்துல யாரு நிறுத்துவாங்க?" என்றார். அந்த அம்மாள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

கிட்னி பிழைத்தது. கை பிழைக்குமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் பழைய வலு எப்போது வரும், முழுசாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. பட்டை இழுக்காத சோபாக்காரருக்குப் பட்டறை எதற்கு? ஷட்டர் பாதி நாள் மூடியே கிடந்தது. வீட்டில் சட்டைப் பித்தான் போடுவதும் பாட்டில் மூடி திறப்பதும் என் வேலை. ஜன்னலோரம் உட்கார்ந்து உள்ளங்கையை மூடித் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அதைப் பார்க்கப் பார்க்க என் பல் நறநறவென்று கடிபடும்.

அத்தான் பார்க்க வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் கதவைத் திறந்தேன். வந்து உட்கார்ந்து, "தண்ணி நிறையக் குடிக்கணும்னு குழுவுல போட்டிருந்தேனே, பார்க்கலையா சகலை? உங்க உடம்புதான் வீக்கு. நம்ம பயிற்சி மேல தப்பில்ல" என்றார். வெந்த புண்ணில் வேல். அதோடு விட்டாரா? கிளம்பும்போது வாசலில் நின்று, "புது ஆளுங்களைச் சேர்க்கிறதுக்கு நம்ம மொட்டை மாடில ஒரு கூட்டம் வைக்கிறேன். நிறுத்தினவங்க உட்கார ஒரு நாற்காலி வேணும். நல்ல சிவப்பா, பார்த்தாலே வெட்கம் வர்ற மாதிரி. உங்க கட்டிங்காரரை வச்சு செஞ்சு குடுங்களேன், சகலை" என்றார்.

அவரை அப்படியே படியில் உருட்டிவிட்டிருப்பேன். அதற்குள் என் வீட்டுக்காரர், "செஞ்சுடலாம் சகலை," என்றார்.

கதவைச் சாத்தியதும் பிடித்தேன் ஒரு பிடி. "உங்களுக்கு சூடு சொரணை இருக்கா? உங்களைப் படுக்க வச்சவருக்கு நாற்காலியா செய்றீங்க?"

"கேட்டிருக்காரு. செய்யணும்," என்றார். அவ்வளவுதான். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. பித்தான் மட்டும் போட்டுவிட்டேன்.

அவர் வழி அப்படியென்றால் என் வழி எனக்கு. அக்காவிடம் வாயைப் பிடுங்கினேன். அவளுக்கு வயிற்றில் எதுவும் தங்காது. "அவரு எங்கடி முழுசா செய்றாரு? கொஞ்சம் குதிப்பாரு, ஃபேனுக்குக் கீழ உட்காருவாரு, பனியன்ல தண்ணி தெளிச்சுக்கிட்டு மறுபடி கடைசில குதிப்பாரு. வெட்டி ஒட்டி வீடியோ போடுறாரு" என்றாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை.

கூட்டத்தன்று அத்தான் குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டை மாடிக்கு அக்கம்பக்கத்தார் நிறையப் பேர் வந்திருந்தார்கள். லிஃப்ட் கிடையாது, மூன்று மாடி ஏற வேண்டும். நான் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போனால் நாற்காலி ஏற்கெனவே நடுவில் இருந்தது. சிவப்பு வெல்வெட். நல்ல அகலம், தாழ்வான இருக்கை, கைப்பிடி இல்லை. என் வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அத்தான் விதியை விளக்கினார். நாற்காலியைக் காட்டி, "இதுல உட்கார்ந்தவங்க என்ன சொல்லணும்?" என்று கேட்டு எல்லோரையும் சொல்ல வைத்தார். சிரித்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

"அத்தான், வீடியோல பார்த்து எங்களுக்குப் புரியல. நீங்களே முழுசா ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன். நடுவுல நிறுத்தாம."

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. "இன்னிக்கு அறிமுகம் மட்டும்தாம்மா…"

"தலைவரே செய்யலைன்னா நாங்க எப்படி செய்றது சார்?" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. அவள் யாரென்று எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

அத்தான் தொடங்கினார். முதலில் ஜோராகத்தான் குதித்தார். பிறகு விழுந்து எழுவது மெதுவாயிற்று. கால் தொடை ஆட ஆரம்பித்தது. அவர் நிறுத்தப்போகும் ஒவ்வொரு முறையும் நான், "இன்னும் ஒண்ணு, அத்தான்!" என்றேன். கூட்டமும் சேர்ந்துகொண்டது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன்?

அக்கா என் கையைக் கிள்ளினாள். "அடியே, போதும்டி. முகத்தைப் பாரு."

"போதும்னா நாற்காலிதான், அக்கா. விதி போட்டது உன் வீட்டுக்காரருதானே?"

அடுத்ததை அவரால் முடிக்க முடியவில்லை. எழுந்தார், தள்ளாடினார், பின்னால் நாற்காலி இருந்தது, தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உள்ளே போனார், போய்க்கொண்டே இருந்தார். முழங்கால் மார்புக்கு வந்துவிட்டது. அந்த நாற்காலியில் பட்டை தளர்வாக இருந்தது. யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. அந்த முன்வரிசைப் பெண் மட்டும், "சார், ஏதோ சொல்லணும்னீங்களே?" என்று நிஜமான சந்தேகத்தோடு கேட்டாள்.

"நான்… தோத்துட்டேன்," என்றார் அத்தான், மூச்சிரைக்க.

பிறகு எழப் பார்த்தார். தொடையில் ஒன்றும் மிச்சமில்லை. பிடிக்கக் கைப்பிடி இல்லை. ஆமையைக் கவிழ்த்த மாதிரி கிடந்தார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினார். "சகலை, கொஞ்சம் கை குடுங்க."

இவர் கட்டின கையை அவிழ்த்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து, எல்லோரும் பார்க்கக் காட்டினார். "என் கையில வலு இல்லையே சகலை. மறந்துட்டீங்களா?"

எதனால் வலு போயிற்று என்று யாரோ கேட்டார்கள். நான் சொன்னேன். கறுப்புக் காப்பி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆட்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு இறங்கினார்கள். கடைசியில் அக்காவும் வாட்ச்மேனும் சேர்ந்து அத்தானை இழுத்து எடுத்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "கட்டிங்காரருக்குப் பட்டை இழுக்க வராதுதான். ஆனா அவரு தளர விட்டதும் நல்லதாப் போச்சு. அந்தக் கனமான நாற்காலியை மூணு மாடி எப்படித்தான் தூக்கினாரோ!" என்றேன்.

"கட்டிங்காரர் போன வாரமே லீவுல போயிட்டாரே," என்றார் இவர்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. நடுத்தெருவில் நின்றுவிட்டேன். "அப்ப பட்டை இழுத்தது?"

"நான்தான். கத்தறதுக்கு முன்னாலயே நிறுத்திட்டேன், வேணும்னே."

"மாடிக்குத் தூக்கினது?"

"நான்தான். ஒவ்வொரு மாடியிலயும் வச்சு மூச்சு வாங்கிட்டுத்தான் தூக்கினேன். இப்பல்லாம் நிறுத்தி நிறுத்தித்தான்."

"அட பாவி மனுஷா! அப்ப இத்தனை நாளா நான் பித்தான் போட்டுவிட்டது?" அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். அவர் திருப்பி இறுக்கினார், நன்றாகவே வலித்தது. "வலு வந்துடுச்சுல்ல? பின்ன எதுக்கு அங்க இல்லன்னு சொன்னீங்க?"

அவர் வாயில் ஆணி இருக்கும்போது சிரிக்கிற அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

"வந்துடுச்சு. சகலையைத் தூக்கி விடுற அளவுக்கு மட்டும் வரல. அது இனிமே வராது."